ஞாயிற்றுக்கிழமைப் பால்

மூக்கின் இடது பக்கம், கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, அரிக்க ஆரம்பித்தது. வா ராசா, உன்னைத்தான் இன்னும் காணோமேன்னு பாத்தேன் என்று குற்றாலிங்கம் மனசுக்குள்ளேயே அதை வரவேற்றார். வேறென்ன செய்ய? கை இருக்கிறது. போர்வைக்கு மேலே இரண்டு கையும் பத்திரமாக இருக்கின்றன, நேற்று மனைவி ஆவுடை நகம்கூட வெட்டிவிட்டிருக்கிறாள், ஆனால் விரல் ஒன்றைக்கூட அசைக்க முடியாது. அரிப்பு மெல்ல ஊர்ந்து கண்ணோரம் வரை போய், அங்கே பிடிக்காமல் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. நினைக்காதே. நினைத்தால்தான் அரிப்பு, நினைக்காவிட்டால் அதுவும் இல்லை என்று இங்கே ஒரு யோகா மாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் மூக்கில் கட்டெறும்பை விட்டு, கையைக் கட்டிப்போட்டு, இப்போ சொல்லுலே என்று கேட்க வேண்டும். சரி, வேறு ஏதாவது நினைப்போம். வேறு எதை நினைத்தாலும் அது சுற்றிச் சுற்றிப் பாலில் போய் நின்றது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பிரமு அக்கா பால் ஊற்ற வருகிறாள். வெள்ளிக்கிழமை ஆவுடை இந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, கத்தரிக்காய் விலை பேசுகிற மாதிரி அவளோடு பேசினாள். ‘உசுரு எதுலயோ மாட்டிக்கிட்டுக் கெடக்குட்டி. பெத்த பிள்ளையும் இல்ல, யாருக்காக இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கான்? பாலை ஊத்தி அனுப்பிருவோம், நான் வந்து பாத்துக்கிடுதேன்’ என்றாள் அக்கா. ‘சரி மதினி’ என்றாள் ஆவுடை. புருஷன் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும். சாகக் கிடக்கிறவர் வாயில் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு விட்டு அனுப்பிவைப்பது ஊர்வழக்கம்தான், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குற்றாலிங்கத்துக்கு விழுங்க வராது. தொண்டைச் சதை செத்துப்போய்விட்டது. சோறு தண்ணீர் எல்லாம் வயிற்றில் துளை போட்டுச் சொருகிய குழாய் வழியாகத்தான். வாயில் ஒரு கரண்டிப் பால் போனால் நேரே நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். அதையும் ஆவுடையை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சாக இஷ்டமில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

முதலில் போனது இடது கால். கிளட்ச் கால். தென்காசியில் அவர் பேர் போட்ட டிரைவிங் ஸ்கூல் மாருதியில், பழகுகிறவர் பக்கம் ஒரு கிளட்ச் ஒரு பிரேக், வாத்தியார் பக்கம் ஒரு கிளட்ச் ஒரு பிரேக். ஊரில் உள்ளவன் பயத்துக்கெல்லாம் தன் காலால் மிதித்து மிதித்து வண்டியை நிறுத்திய மனுஷன். ஒருநாள் மிதித்தால் கிளட்ச் பாதிதான் இறங்கியது. காலை எவனாவது சந்தேகப்படுவானா? வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவன் வம்சத்தையே இழுத்துப் பேசி, பிளேட் மாற்றி, கேபிள் மாற்றி, இவன் சரியில்லை என்று இன்னொரு மெக்கானிக்கிடம் போய் மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் வண்டி புது மாப்பிள்ளையாகிவிட்டது, கால் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து நாக்கு. அந்த நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அழாமல் அவரிடம் வண்டி பழகினவள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ‘ஏட்டி, ஸ்டீரிங்கைப் புடின்னா தோசை மாவு ஆட்டுதியே.’ ‘சார்வாள், பஸ்ஸுக்கு வழி விடுங்க, இது என்ன உங்க மாமனார் சீதனமாக் குடுத்த ரோடா?’ அழுதால்தான் பழகும் என்பது அவர் கட்சி. அந்த நாக்கு ஒரு மழைக்காலத்தில் குழற ஆரம்பித்தது. வாத்தியார் பகலிலேயே தண்ணி போட்டுவிட்டு வருகிறார் என்று பேச்சுக் கிளம்பி, பழக வருகிற ஆள் குறைந்தது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர், ஏ.எல்.எஸ். என்றார். நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், மருந்து இல்லை, ஆனால் புத்திக்கு ஒன்றும் ஆகாது என்றார். அதை நல்ல செய்தி மாதிரி சொன்னார், பாவி. மூச்சுக்குத் திணறுகிற கட்டம் வந்தால் கழுத்தில் ஓட்டை போட்டு மிஷினில் வைக்கலாம், வேண்டாமென்றால் கடைசி வரைக்கும் வேதனை தெரியாமல் பார்த்துக்கொள்கிற இல்லம் இருக்கிறது என்றார். அப்போது குற்றாலிங்கத்துக்கு வலது கையில் கொஞ்சம் தெம்பு இருந்தது, உடம்பு பூராவும் திமிர் இருந்தது. மிஷின் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பெரிய வீரன்! சாவு தூரத்தில் இருக்கும்போது எல்லாரும் வீரன்தான். அது பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்து மூச்சு விடும்போதுதான் தெரிகிறது, இந்த நாற்றம் பிடித்த உடம்போடு, மூத்திரப் பையோடு, மூக்கரிப்போடு, இன்னும் ஒரு நாள் இன்னும் ஒரு நாள் என்று மனசு பிச்சைக்காரனாகக் கெஞ்சுகிறது. அரிப்பு இப்போது மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் பாளையங்கோட்டைக்கு வெளியே, அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கிற இந்த இல்லம். ஆலை ஓடுகிற நாளில் தவிட்டு வாசம் வரும், ஞாயிற்றுக்கிழமை டெட்டால் வாசம் மட்டும். இங்கே யாரும் யாரையும் பிழைத்துக்கொள்வாய் என்று ஏமாற்றுவதில்லை, அந்த மட்டுக்கும் யோக்கியமான இடம். ஜெசிந்தா சிஸ்டர் முதல் நாளே முகத்துக்கு நேரே குனிந்து, ‘சார், உங்களுக்கு எல்லாம் புரியுதுன்னு எனக்குத் தெரியும். ஆமான்னா மேல பாருங்க. இல்லன்னா கண்ணை மூடுங்க. சரியா?’ என்று கேட்டாள். குற்றாலிங்கம் மேலே பார்த்தார். அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு முகத்துக்குப் போகிற வழியில் அழுகையாக மாறிவிட்டது. அதுவும் இந்த நோயின் லட்சணம். சிரிப்பு வந்தால் முகம் ஒப்பாரி வைக்கும், நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் கெக்கே என்று பல்லைக் காட்டும். லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டால் ரைட் எரிகிற வண்டி. ஜெசிந்தாவுக்கு அது தெரியும், ஆவுடைக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் ஆவுடை கேள்வி கேட்கிற அழகே தனி. ‘ஏங்க, வலிக்கா? வலிக்காது. மருந்து போட்டிருக்காவள்ளா’ என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிவிடுவாள், இவர் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? முப்பது வருஷம் அவளை ஒரு வார்த்தை பேச விடாமல், உனக்கு என்ன தெரியும் மடச்சி என்று வாயை அடைத்து வைத்திருந்ததற்கு இப்போது சேர்த்துவைத்துப் பேசுகிறாள் என்றும் தோன்றும். அப்படி இல்லை என்றும் தோன்றும். இவரைப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டு அவளுக்கு இடுப்பு போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து, எழுந்திருக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்றோ. அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவம் பார்த்துச் செத்துக் கொடுக்க முடியுமா, என்ன பேச்சு இது?

பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. சவரிமுத்து எழுந்திருக்கிறான். எழுந்திரு, எழுந்திரு, இங்கே பார். ரயிலில் முறுக்கு விற்றவன், தொண்டையில் புற்று. கழுத்தில் ஓட்டை போட்டு, அதில் ஒரு சின்னக் குழாய், அதன் மேல் ஒரு துண்டுத் துணி. பேச வேண்டுமானால் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நாலு வார்த்தை கரகரப்பான், அதோடு மூச்சு வாங்கும். கஞ்சியைக்கூடச் சொட்டுச் சொட்டாக, நடுநடுவே இருமித்தான் இறக்குகிறான். ஆனாலும் திருட்டு பீடிக்குக் குறைச்சல் இல்லை, எந்த வாயால் இழுக்கிறானோ. வந்த புதிதில் குற்றாலிங்கத்துக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். கட்டிலில் உட்கார்ந்து கால் நகத்தைக் கடிப்பான், வார்டில் எல்லாரிடமும் கையாலேயே கதை பேசுவான். ஒருநாள் இதே மாதிரி மூக்கு அரித்து, அதன் மேல் ஈயும் உட்கார்ந்து, பைத்தியம் பிடிக்கிற நிலைமை. ஆவுடை மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சவரிமுத்து வந்து ஈயை விரட்டினான். அதோடு போகாமல் நின்று இவர் கண்ணையே பார்த்தான். ஒரு விரலை நெற்றியில் வைத்துப் புருவத்தை உயர்த்தினான், இங்கயா? கண்ணை மூடினார். கன்னத்தில், இங்கயா? மூடினார். மூக்கில் வைத்தான், மேலே பார்த்தார், ஆமா, ஆமாடா, என் அப்பனே, அங்கேதான். பீடி நாற்றம் பிடித்த அந்த விரல் சொறிந்த சொறிக்கு ஈடாகத் தன் வாழ்நாளில் வேறு சுகம் எதையும் குற்றாலிங்கத்தால் சொல்ல முடியவில்லை. கல்யாணம் ஆன புதிதில்கூட. அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. இன்றைக்கும் வந்தான், புருவத்தை உயர்த்தினான், இடத்தைக் கண்டுபிடித்தான், சொறிந்தான். ஓட்டையை அடைத்துக்கொண்டு, ‘அண்ணாச்சி, இன்னைக்குப் பாலாமே’ என்றான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில் அல்லவா பேசினார்கள். குற்றாலிங்கம் கண்ணை மூடினார். இறுக்கி மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். வேண்டாம்லே, எனக்கு வேண்டாம், போய் ஜெசிந்தாகிட்டச் சொல்லு. சவரிமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஊரான் சாவு யாருக்கு என்ன, அவனுக்கு அவன் கஷ்டம்.

மாமியாருக்குப் பால் ஊற்றியது ஞாபகம் வந்தது. ஆவுடையின் அம்மா. நாலு நாளாகச் சொணங்கிக் கிடந்த அம்மாளுக்கு வரிசையில் நின்று எல்லாரும் ஊற்றினார்கள். குற்றாலிங்கம் தன் முறை வந்ததும், ‘அத்தை, டபுள் ஸ்ட்ராங்கா, லைட்டா?’ என்று கேட்டு அந்த நேரத்திலும் ரெண்டு பேரைச் சிரிக்க வைத்தார். பாலைக் குடித்த அம்மாள் மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் இருந்து இவர் உயிரை வாங்கினாள். ஆவுடை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ, பால் ஒன்றும் பண்ணாது, வேளை வந்திருந்தால் போவார், இல்லாவிட்டால் இருப்பார் என்று. உங்க அம்மைக்கு விழுங்கத் தெரிந்ததுடீ. எனக்குத் தெரியலையே. இதை எந்தக் கண்ணால் சொல்வது? மேலே பார்த்துச் சொல்வதா, மூடிச் சொல்வதா? ஆமாவும் இல்லையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்ல. மூழ்கிச் சாவது எப்படி இருக்கும்? சின்ன வயசில் சிற்றாற்றில் ஒரு தரம் தண்ணீர் குடித்திருக்கிறார், மூக்கு வழியாக நெருப்பு ஏறின மாதிரி. அப்போது கைகாலை உதறினார். இப்போது உதறக்கூட வழியில்லை, இருமலும் வராது, முகத்தைப் பார்ப்பவர்களுக்கு அமைதியாகப் போகிற மாதிரி இருக்கும். அதிலும் கெக்கே என்று பல்லைக் காட்டிக்கொண்டு செத்தால்? சிரிச்ச மொகத்தோட போயிட்டான் என்று அக்கா ஊர் பூராவும் சொல்லுவாள். நினைக்க நினைக்க, அந்தப் பயத்துக்கு வாய் லேசாக இளிக்க ஆரம்பித்தது.

வந்துவிட்டார்கள். ஜெசிந்தா சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற நேரம் பார்த்து வந்தார்கள், அல்லது பஸ் அந்த நேரத்துக்குத்தான் வந்ததோ. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் பிரமு அக்கா, அவளுக்கு அழுகை குழாயைத் திறந்த மாதிரி. ‘எய்யா தம்பி, ராசா மாதிரி இருந்தியே, இப்படி ஒட்டி ஒலந்து கெடக்கியே.’ பின்னால் அவள் புருஷன் நெல்லையப்பன் அத்தான், கையில் ஒயர் கூடை. பிளாஸ்க், எவர்சில்வர் தம்ளர், சின்னச் சந்தனக் கல், ஒரு காகிதப் பொட்டலம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அத்தான் ஜன்னலோரம் போய், ‘நல்ல காத்து வருது’ என்றார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ‘எந்த ஆசையில கெடக்கான்னு தெரிஞ்சுட்டா லேசு’ என்று அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். ‘ஆயிரப்பேரியில வாங்கிப் போட்டானே, அந்த பிளாட்டு மண்ணு கொண்டாந்திருக்கேன். மண்ணாசைன்னா இதுல தீந்துரும். பொன்னுக்கு என் மோதிரத்தை உரசிருதேன்.’ ‘பொன்னு மேல அவியளுக்கு என்ன மதினி ஆசை, ஒரு மோதிரம்கூடப் போட மாட்டாவளே’ என்றாள் ஆவுடை. ‘பின்ன என்னட்டி, பொம்பளை ஆசையா?’ அத்தான் இருமினார். ஆவுடை போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். ‘வண்டி’ என்றார் அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே. ‘அவனுக்கு வண்டிதான். பொண்டாட்டியைக்கூட ரெண்டாவதாத்தான் சொல்லுவான்.’ வண்டியைத்தான் விற்றாயிற்றே என்று மூன்று பேரும் கவலையில் ஆழ்ந்தார்கள். அப்புறம் ஆவுடைக்கு ஞாபகம் வந்தது. ‘மாத்துச் சாவி என் வீட்டுச் சாவிக்கொத்துல கெடக்கு மதினி.’ ‘குடு, அதை ஒரசுவோம்’ என்றாள் அக்கா. அட மூதேவிகளா! கார் சாவியை உரசிக் கரைத்து வாயில் ஊற்றினால் உயிர் ஸ்டார்ட் ஆகிக் கிளம்பிவிடுமா? சாகிற பயத்தையும் மீறிக் குற்றாலிங்கத்துக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கச் சிரித்தார், வெளியே முகம் கோணி, கண்ணீர் தாரை தாரையாக வழிந்து, தொண்டையிலிருந்து ஓ என்று ஒரு ஊளைச் சத்தம் புறப்பட்டது. ‘பாத்தியா, பாத்தியா! சாவின்ன ஒடனே எப்படி அழுதான் பாரு!’ என்று அக்கா தன் மார்பில் கையை வைத்தாள். ‘நான்தான் சொன்னம்லா’ என்றார் அத்தான்.

சந்தனக் கல்லில் சாவியை உரசினாள். கரகரவென்று பல் கூசுகிற சத்தம். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, துருவோ கிரீஸோ. அதை வழித்துப் பாலில் கலக்கினாள், மண்ணையும் ஒரு சிட்டிகை போட்டாள். சாம்பல் நிறத்தில் ஒரு திரவம். தம்ளரை எடுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே வந்தாள். அக்காவின் கண்ணில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. சின்ன வயசில் இவரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், அன்பாகத்தான் கொல்ல வந்திருக்கிறாள். ‘தம்பி, பால் ஊத்தட்டா? நிம்மதியாப் போறியாய்யா?’ குற்றாலிங்கம் கண்ணை மூடினார். இமை வலிக்க மூடினார். ‘கண்ணை மூடிக்கிட்டான். ஆயத்தமாயிட்டான்’ என்றாள் அக்கா, மெல்லிய குரலில், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. திறந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, ஆவுடையைப் பார்த்தார். அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். மூடினால் இல்லை என்று அவளுக்குத் தெரியும், கட்டிலைச் சுற்றி நிற்கிற மூன்று பேரில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தே மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். சொல்லுட்டி. வேண்டாங்காவன்னு ஒரு வார்த்தை சொல்லு. முப்பது வருஷம் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாயே, இந்த ஒரு தரம் மட்டும் நான் சொல்கிறதைச் சொல்லு. ஆவுடை உதட்டை நனைத்துக்கொண்டாள். ‘தலையைக் கொஞ்சம் தூக்கணும் மதினி’ என்றாள், ‘இல்லாட்டி கடைவாய் வழியா எல்லாம் வெளிய வந்துரும்.’ கழுத்துக்கு அடியில் அவள் கை நுழைந்தது. வெதுவெதுப்பான கை, துணி சோப்பு வாசம். எத்தனையோ தடவை துடைக்க, தலையணை மாற்ற நுழைந்த அதே கை, அதே பதனத்தோடு தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. குற்றாலிங்கத்தின் நெஞ்சுக்குள் என்னவோ கிழிந்தது, அதற்கு அவர் முகம் ஈ என்று சிரித்தது.

பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டதை யாரும் கவனிக்கவில்லை. சவரிமுத்து லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றான். அக்கா திரும்பிப் பார்த்தாள். கழுத்துத் துணியைக் கண்டு ஒரு கணம் பின்வாங்கினாலும், அவளுக்கு முறை தெரியும், சாவு வீட்டு முறையில் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ‘கூடக் கெடந்தவுகளா? நீங்களும் ஒரு மடக்கு ஊத்துதியளா? மொதல்ல ஊத்துங்க, புண்ணியம்தான்’ என்று தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். சவரிமுத்து இரண்டு கையாலும் வாங்கினான். அடப் பாவி, நீயுமா என்று குற்றாலிங்கம் பார்த்தார். சவரிமுத்து குனிந்து அவர் கண்ணைப் பார்த்து, தினமும் கேட்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினான். வேணுமா? குற்றாலிங்கம் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்கும்போது தம்ளர் சவரிமுத்துவின் வாயில் இருந்தது. அண்ணாந்து, ரயில் கிளம்புவதற்குள் டீயைக் குடிக்கிறவன் மாதிரி மடமடவென்று குடித்தான். ‘ஐயோ, ஐயோ, என்ன செய்யுத, ஏய், அது சாவுப் பாலு!’ என்று அக்கா கத்தினாள். அத்தான் ஜன்னலை விட்டு ஓடிவந்து தம்ளரைப் பிடித்து இழுத்தார், அவன் விடவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு மண்டி வரைக்கும் குடித்துவிட்டுத்தான் கொடுத்தான். கஞ்சியையே சொட்டுச் சொட்டாக இறக்குகிற தொண்டை. பால் போக வேண்டிய வழியில் கொஞ்சமும் போகக் கூடாத வழியில் மிச்சமும் போயிற்று. சத்தமில்லாத இருமல் அவனைப் பிடித்து உலுக்கியது, கழுத்துத் துணி நனைந்து சாம்பல் நிறமாகி, அதற்கு மேலும் குமிழ் விட்டுக்கொண்டு வழிந்தது, முகம் கறுத்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆவுடை குற்றாலிங்கத்தின் தலையைத் தலையணையில் விட்டுவிட்டு, ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினாள்.

தரையில் கிடந்தவனைக் குற்றாலிங்கத்தால் பார்க்க முடியவில்லை, கட்டில் விளிம்புக்கு மேல் அவன் தலைமுடி மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் மனசில் ஓடியது என்ன என்று கேட்டால், சொல்ல வாய் கூசும், ஆனாலும் சொல்லிவிடலாம், அவருக்குத்தான் வாய் இல்லையே. சந்தோஷம். எனக்கு வந்தது அவனோடு போயிற்று, போகிறவன் அவனாக இருக்கட்டும், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று ஒரே ஆட்டம். அடுத்த நொடியில் இன்னொன்றும் தோன்றியது. இவன் போய்விட்டால் நாளைக்கு மூக்கை யார் சொறிவார்கள்? அதற்குத்தான் பதறினார், அதற்காகத்தான் அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார், வேறு எந்தப் பெருந்தன்மையும் அவரிடம் எழவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் ஓடிவந்து, உறிஞ்சுகிற மிஷினைக் கழுத்து ஓட்டையில் வைத்து, களகளவென்று என்னென்னவோ எடுத்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, சந்தனக் கல்லைப் பார்த்துவிட்டு, பிரமு அக்காவைப் பார்த்தாள். ‘வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டிம்மா சொல்லுதது? கொல்லவா வந்திய?’ அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ‘யாரு கொல்ல வந்தது? எந் தம்பிக்கு நான் பால் ஊத்தக் கூடாதா? எவனோ ஒருத்தன் எச்சிப் பண்ணிக் குடிச்சுப்புட்டான், இனி அவன் உசுரு எப்படிப் போவும்?’ என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். அத்தான் சந்தனக் கல்லைத் தன் வேட்டியில் துடைத்துக் கூடைக்குள் வைத்தார். ஆவுடை அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனாள், போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கும்போது சவரிமுத்துவைத் துடைத்துச் சுத்தமான துணி கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். மூச்சு இன்னும் சீட்டி அடித்துக்கொண்டிருந்தது, சளி பிடித்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று ஜெசிந்தா திட்டியது வராந்தாவிலிருந்தே கேட்டது. படுக்கப் போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குற்றாலிங்கத்தின் தலைமாட்டுக்கு வந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. எதுக்குலே செஞ்ச என்று குற்றாலிங்கம் பார்த்தார். சவரிமுத்து விரலை எடுத்து ஓட்டையை அடைத்தான், மூச்சைச் சேர்த்தான், அடுத்த மூச்சையும் சேர்த்தான். ‘அண்ணாச்சி’ என்றான், ‘சீனியே போடல.’ அவ்வளவுதான் சொன்னான், போய்ப் படுத்துவிட்டான். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எலேய் சவரிமுத்து, எலேய் முறுக்கு, சாவுப் பாலுக்குச் சீனியா கேக்க! எத்தனையோ மாசத்துக்குப் பிறகு, யாரையும் குத்தாமல், யாரையும் அழ வைக்காமல், ஒரு மனுஷனோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அது நிற்கவே மாட்டேன் என்றது. முகம் பிளந்து, கண்ணீர் காது வரை ஓடி, ஓ, ஓ என்று வார்டு முழுக்கக் கேட்கிற ஒப்பாரியாக வெளியே வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆவுடை உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்றாள். அழுகிற முகத்தைப் பார்த்தாள். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முதலில் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் வாயை. ‘அழாதீங்க’ என்றாள். இப்படி அவள் மெதுவாகப் பேசிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ‘வந்த பாலும் கிடைக்காமப் போச்சுன்னுதான அழுதிய? எனக்குத் தெரியாதா? நீங்க வேண்டாம் வேண்டாம்னு கண்ணை மூடினதை நான் பாக்காம இல்ல. பயந்துதான் மூடுதாவ, ஆனா உள்ளுக்குள்ள போவணும்னுதான் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன். இப்ப அழுதியள்ளா, இப்பத் தெரிஞ்சுபோச்சு.’ குற்றாலிங்கத்தின் சிரிப்பு உள்ளே சட்டென்று அணைந்துவிட்டது. வெளியே முகம் மட்டும் ஓட்டம் நிற்காமல் இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் அவர் நெற்றி முடியை ஒதுக்கினாள். ‘மதினி வேண்டாம். சாவி, மண்ணு, ஒண்ணும் வேண்டாம். கூட்டம் வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை சிஸ்டர் ஜெபத்துக்குப் போவும்போது நானே கொண்டாறேன். வெதுவெதுன்னு ஆத்திக் கொண்டாறேன். நீங்களும் நானும் மட்டும். சரியா?’ குற்றாலிங்கம் கண்ணை மூடினார். பலம் முழுவதையும் இமையில் கொண்டுவந்து வைத்து, இறுக்கி, இறுக்கி, திறக்காமல் மூடிக்கொண்டிருந்தார். ‘ஆமா, கொஞ்சம் கண்ணசருங்க’ என்று ஆவுடை போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, எழுந்து போய் லைட்டை அணைத்தாள்.